இறால் குளத்துக் கரையை வெட்டிய அன்று

ஜேசிபியிலிருந்து சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆண்டியப்பன் கீழே இறங்கிவிட்டார். மழை விட்டிருந்தது. ஆனால் மேற்கே பெய்ததெல்லாம் காட்டாற்றில் இப்போதுதான் வந்துகொண்டிருந்தது. அது செல்வராணியின் பழைய இறால் குளத்துக் கரையில் வந்து முட்டி, போக வழி தெரியாமல், பக்கத்து மீனவர் தெருவுக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. கரையை வெட்டிவிட்டால் தண்ணீர் குளத்துக்குள் இறங்கி, அந்தப் பக்கமாகக் கடலுக்குப் போய்விடும். அதற்காகத்தான் கோடை முழுக்க வேலை நடந்தது. வெட்ட வேண்டிய மனிதரோ கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்னால ஆகாது தங்கச்சி. காஞ்ச மண்ண எம்புட்டு வேணாலும் வெட்டுறேன். தண்ணி முட்டி நிக்கிற கரையில பக்கெட்ட வைக்க மாட்டேன். எங்க ஊருல அப்பன் பாட்டன் காலத்துலேருந்து நாங்க கம்மாய்க்குக் காவக்காரவுக. மழைன்னா கரையிலதான் படுக்கை. அத வெட்டுன கையில நான் எப்புடி சோறு திங்க?"

சுகுணாவுக்கு அழுகையே வந்துவிட்டது. புதுக்கோட்டையிலிருந்து வந்து இந்த இடத்துக்கே திட்டம் வரைந்தவள் அவள்தான். பாழாய்க் கிடந்த குளத்தின் கடல் பக்கத்துக் கரையைத் திறந்து, உள்ளே மீன் முள் போலக் கிளை கிளையாக வாய்க்கால் எடுத்து, ஓரமெல்லாம் அலையாத்திக் கன்று நட்டிருந்தாள். கன்று வேர் பிடித்த பிறகு, பெருமழைக்கு முன்னால், ஆற்றுப் பக்கத்துக் கரையை வெட்டுவதாக ஏற்பாடு. மழைக்கும் சேர்த்துத் தேதி போட்டு வைத்திருந்தாள். மழை அதைப் படித்துப் பார்க்கவில்லை.

செல்வராணி தெருவைத் திரும்பிப் பார்த்தாள். முதல் வரிசை வீடுகளின் வாசற்படி முழுகிவிட்டது. அதில் மூன்றாவது அமராவதியின் வீடு. குளத்தில் இறால் இருந்த காலத்தில் வலை இழுக்க வந்தவள், செல்வராணியோடு ஒரே தட்டில் சாப்பிட்டவள். போன வருஷ வெள்ளத்தில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் நின்றபோது இதே கரைக்கு வந்து நின்றாள். "ஒன் எறாலுக்குக் கரை போட்டுக்கிட்ட. எம் புள்ளைக தண்ணிக்குள்ள கெடக்குது" என்று சொல்லிவிட்டுப் போனவள்தான், அப்புறம் எதிரே வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சண்டை போட்டிருந்தால் செல்வராணியும் நாலு வார்த்தை பேசியிருப்பாள். பேசாமல் போனதைத்தான் தாங்க முடியவில்லை. சுகுணா வந்து குளத்தைக் கேட்டதும் சரி என்றுவிட்டாள். ஷார்ஜாவிலிருந்து புருஷன் வெற்றிசெல்வன் போனில் குதித்தான். "சொத்துடி அது! எவளோ மூஞ்சியத் திருப்புனான்னா தூக்கிக் குடுப்ப?" ஆமாம், அதற்காகத்தான் கொடுத்தாள். அவனிடம் அதைச் சொன்னால் புரியாது என்று போனை வைத்துவிட்டாள். இன்றைக்குத் தண்ணீர் வடியவில்லை என்றால் குளமும் போய், அமராவதியும் போய், அவனுக்குப் பதில் சொல்ல வாயும் இருக்காது.

"மம்பட்டிய எடு சுகுணா" என்றாள்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வெட்டுமிடத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய் வாகாக நின்றாள். முதல் வெட்டுக்கு மண்வெட்டி ஈர மண்ணில் சிக்கிக்கொண்டது. இந்தக் கரையில் நண்டு வளை தோண்டாத நாளில்லை. ஓட்டை கண்ட இடமெல்லாம் ஓடி ஓடிக் களிமண் அடைத்த கை அவளுடையது. அடைத்துப் பழகிய கைக்கு வெட்டு சரியாக விழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினாள். மேல்மண் போயிற்று. அடிமண்ணும் போயிற்று. விரல் கனத்துக்கு ஒரு நீர்க்கோடு கரையைக் கடந்து, உள்பக்கச் சரிவில் இறங்கி ஓடியது.

அவ்வளவுதான். மிச்சத்தைத் தண்ணீரே பார்த்துக்கொண்டது. விரல் கனம் கை அகலமாயிற்று, கை அகலம் வாசல் அகலமாயிற்று. மண் கட்டி கட்டியாகச் சரிந்து விழ, செம்பழுப்பு வெள்ளம் இரைந்துகொண்டு குளத்துக்குள் பாய்ந்தது. பெரிய வாய்க்கால் நிறைந்து, கிளை வாய்க்கால்கள் ஒவ்வொன்றாக நிறைந்தன. கன்றுகள் படுத்தன. போச்சு என்று சுகுணா வாயைப் பொத்தினாள். படுத்தவை ஒவ்வொன்றாகத் தலையைத் தூக்கின. "நிக்குதுக்கா! நிக்குது!" என்று அவள் சேற்றில் குதித்த குதியில் ஒரு செருப்பு வெள்ளத்தோடு போயிற்று. செல்வராணி மண்வெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக் குலவை போட்டாள். கல்யாணத்தன்றுகூட அவளுக்கு இப்படிச் சந்தோஷம் பொங்கியதில்லை.

"அக்கா, இங்கிட்டு வந்துருங்க! ஓடுது பாருங்க!"

"சுத்தி வாரேன்டி!"

"எங்கிட்டுச் சுத்துவீங்க? கடல் பக்கந்தான் தொறந்து கெடக்கே!"

செல்வராணி திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷமும் இந்தக் கரையைச் சுற்றிச் சுற்றி வந்த கால் அது. கடல் பக்கம் திறந்ததை அவள்தான் தேங்காய் உடைத்துத் தொடங்கி வைத்தாள். அது கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது, காலுக்குத் தெரியவில்லை. முன்னாலும் தண்ணீர், பின்னாலும் தண்ணீர். சிரிப்பு வந்தது. காலடியில் ஒரு கட்டி மண் சரிந்து விழுந்ததும் சிரிப்பு நின்றது.

ஆண்டியப்பன் வண்டியில் ஏறி, பையைத் தடவிச் சாவியைப் போட்டார். கல் பாவிய வண்டிப் பாதையில் ஜேசிபி காலை ஊன்றிக்கொண்டு, நீண்ட கையை வெள்ளத்துக்கு மேலாக மெல்ல மெல்ல நீட்டியது. பக்கெட் அவள் முழங்காலருகே வந்து நின்றது.

"ஏறு தங்கச்சி. உள்ள உக்காரு. எந்திரிச்சுராத!"

மண்வெட்டியோடு ஏறி உட்கார்ந்தாள். பக்கெட் தூக்கிக்கொண்டு ஆடியது. கீழே வெள்ளம் சுழித்து ஓடியது. விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு கழுத்தை நீட்டினாள். தெருவோரத்துக் கருவேலம் புதர் மறைத்தது.

"இன்னுங் கொஞ்சம் ஒசத்துங்கண்ணே!"

"பைத்தியமா ஒனக்கு?"

"ஒசத்துங்கங்கறேன்ல!"

திட்டிக்கொண்டே உயர்த்தினார். புதர் கீழே போயிற்று. தெரு தெரிந்தது. மூன்றாவது வீட்டு வாசலில் அமராவதி, சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, வீட்டுக்குள் நின்ற தண்ணீரைத் துடைப்பத்தால் வெளியே தள்ளினாள். தள்ளிய தண்ணீர் படியில் இறங்கித் தெருவோடு ஓடியது. அவள் துடைப்பத்தை ஓங்கியபடி, இதுவரை போலவே அது திரும்பி வரும் என்று குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.