மஞ்சள் பூவின் அடிப்பக்கம்

1
இந்தக் கதை எனக்குப் பேருந்து ஜன்னலில் கிடைத்தது. சாலையோரப் புல்லில் ஒரு பெண் குப்புறப் படுத்து, மஞ்சள் பூ ஒன்றை லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் புல்வெட்டும் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. பேருந்து நகர்ந்துவிட்டது. மிச்சத்தை நான்தான் எழுத வேண்டும், எழுதாமல் விடுவதாகவும் இல்லை.

2
முதல் தொடக்கம்: 'அவள் பூவின் இதழ்களை ஒவ்வொன்றாக எண்ணி—'

(அடித்துவிட்டேன். இந்தப் பூ சேர்ந்த சூரியகாந்திக் குடும்பத்தில் நாம் இதழ் என்று நினைக்கும் ஒவ்வொன்றும் தனிப் பூவாம். நடுவட்டமும் குட்டிப் பூக்களின் கூட்டம்தான். ஒரு பூவைக் கிள்ளுகிறவர் ஒரு கூட்டுக்குடும்பத்தையே கிள்ளுகிறார். இது தெரியாமல் அரைப் பக்கம் எழுதிக் கிழித்திருந்தேன்.)

3
அவள் செடி ஆய்வாளர். லென்ஸ் இல்லாமல் எதையும் நம்பமாட்டாள் என்பதால் வீட்டில் பெயர் பூதக்கண்ணாடி. வெட்டும் வேலைக்கு மேற்பார்வை அவளுடைய அக்கா. நேற்று அக்கா அனுப்பிய படத்தைப் பார்த்து, சாதாரணக் களைதான், வெட்டலாம் என்று சொன்னவள் இவளே. படத்தில் இருந்தது பூவின் முகம் மட்டும். முகத்தை நம்பாதே என்று எல்லோருக்கும் சொல்கிறவள்தான். ஊருக்குத்தானே உபதேசம்.

இன்று காலை மனது கேட்காமல் வந்து பூவைத் திருப்பினாள். அடியில் பச்சைச் செதில்கள் இரண்டு அடுக்கு. களைக்குப் பெரும்பாலும் ஒன்றுதான். இந்த வட்டாரத்தில் இனி இல்லை என்று எல்லோரும் கைகழுவிய ஒரு செடிக்கு எப்போதும் இரண்டு. உறுதியாகச் சொல்ல, ஓரத்துப் பூ ஒன்றின் அடியில் பிளந்த சூல்முடி, அதாவது மகரந்தத்தை ஏற்கும் நுனி, இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காற்று பூவை ஆட்டிக்கொண்டே இருந்தது.

4
(அக்காவை முதலில் வில்லியாக்கினேன். ஒட்டவில்லை. தங்கை பேச்சை நம்பி ஆட்களைக் கூட்டிவந்தவளுக்குக் கோபம் வராதா?)

"நேத்து களைன்னே. இன்னைக்கு இல்லங்கறே. ஆளுங்ககிட்ட நான் என்னத்த சொல்றது?"

"நான் தப்பா சொல்லிட்டேன்னு சொல்லுக்கா."

"அப்ப இது அந்த அபூர்வச் செடிதானா?"

"தெரியாது. பாத்துட்டுத்தான் சொல்லுவேன். அதுவரைக்கும் எந்திரிக்க மாட்டேன்."

எனக்கு அவளைப் பிடித்துப்போனது இங்கேதான். ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் வண்டி அப்போதே அணைந்திருக்கும்.

5
முடிவு ஒன்று: அபூர்வச் செடியேதான், அக்கா ஓடிவந்து கட்டிப்பிடி— (சினிமா.)

முடிவு இரண்டு: வெறும் களை, ஆட்கள் எல்லோரும் சிரித்— (அவளை அப்படி விட்டுக்கொடுக்க மாட்டேன்.)

என்ன பூ என்று எழுதப்போவதில்லை. அவளுக்கே இன்னும் தெரியாது. அக்கா புல்வெட்டும் வண்டியின் ஓட்டுநரை இறங்கச் சொல்லிவிட்டுத் தானே வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். அதுவரைதான் எனக்குத் தெரியும். இனி அந்த இருக்கை உங்களுடையது. வண்டி நின்றபடி உறுமிக்கொண்டிருக்கிறது, சாவி உங்கள் கையில். எதிரே புல்லில் உங்கள் தங்கை படுத்திருக்கிறாள். தெரியாது என்கிறாள். எழுந்திருக்கவும் மாட்டேன் என்கிறாள்.