கெங் யோங்ஃபா மூச்சை அடக்கிய கதை

சீனாவில் எங்கள் தியான்ஜின் நகரத்தில் ஒருவர் ஒன்று சொன்னால், பதிலுக்கு ஒன்று சொல்லாமல் விடுவது பெரிய மரியாதைக் குறைவு. அதிலும் என் பக்கத்து வீட்டு கெங் யோங்ஃபா தனி ரகம். ஊர் நடுவே ஓடும் ஹாய் ஆற்றில் படகு ஹாரன் அடித்தால் அதற்கும் பதில் சொல்வார். ஒரு படகு வெட்கப்பட்டுத் திரும்பிப் போனதை நானே பார்த்தேன்.

அவருக்குப் பேத்தி பிறந்தது. "கொரோனா தடுப்பு மருந்து போட்டுக்காம புள்ளையத் தூக்கக் கூடாது மாமா" என்று மருமகள் போனில் சொல்லிவிட்டாள். கெங்குக்கு ஊசியைக் கண்டாலே உயிர் போய்விடும். நல்லவேளை, சுகாதார நிலையத்தில் வாயால் இழுக்கும் மருந்து வந்திருந்தது. அவரும் மனைவி சூயிங்கும் நானும் போனோம்.

நர்ஸ் மியாவ், பனிமூட்டம் போல மருந்து நிறைந்த டம்ளரை நீட்டினாள். எங்கள் ஊரில் எந்த வயதுப் பெண்ணும் அக்காதான்.

"அக்கா, ஜவ்வரிசி போட மறந்துட்டீங்களே!" என்றார் கெங்.

"ஜவ்வரிசி போட்ட பால் டீ விக்கிற கடை எதிர்ல இருக்கு பெரியப்பா. இழுத்துட்டு அஞ்சு நொடி மூச்ச அடக்குங்க."

"ஊசிக்கும் இதுக்கும் என்னக்கா வித்தியாசம்?"

"ஊசி ரத்தத்துல காவல் போடும். திருடன் வீட்டுக்குள்ள பூந்தப்புறம் பிடிக்கும். இது தொண்டை, நுரையீரல்னு அவன் வர்ற வழியிலயே ஆள் நிறுத்தும்."

கெங் இழுத்தார். நர்ஸ் "ஒண்ணு..." என்றாள்.

"கெங்கு, தவளை மாதிரி இருக்கய்யா!" என்றது வரிசையிலிருந்து ஒரு குரல்.

"உன் மாமனாரப் பாத்தியா?" என்று திருப்பிக் கொடுத்தார் கெங். மருந்து முழுக்கப் புகையாய் வெளியேறியது.

"இன்னும் ஒரு டம்ளர்தான் பாக்கி! இதையும் ஊதினீங்கன்னா ஊசிதான்" என்றாள் நர்ஸ்.

கெங்கின் முகம் வெளுத்தது. வரிசையை வாயடைக்கச் சொல்வதும் ஆற்றை நிற்கச் சொல்வதும் ஒன்றுதான். சூயிங் எழுந்தாள்.

"கேலி பண்றவங்க தாராளமாப் பண்ணுங்க. அவருக்குப் பதிலா நான் பேசறேன்."

கெங் மறுபடி இழுத்தார்.

"அக்கா, வீட்டுக்காரருக்குக் கண்ணு வெளிய வருதே!"

"வரட்டும். நாப்பது வருஷமா என்னைச் சரியாப் பாத்ததில்ல. இப்பவாவது கிட்ட வந்து பாக்கட்டும்."

வரிசையே விழுந்து விழுந்து சிரித்தது. கெங் சிவந்தார், ஊதாவானார், கத்தரிக்காயானார். ஆனால் வாயைத் திறக்கவில்லை.

"அஞ்சு! விடலாம்!"

அவர் விட்ட மூச்சில் சுவர் காலண்டர் மூன்று மாதம் முன்னால் புரண்டது. அதன்பின் சூயிங்கை நிறுத்தத்தான் முடியவில்லை. அரைமணி நேரக் கண்காணிப்பு முழுக்க அவளே பேசினாள்.

மருந்து வேலை செய்ய இரண்டு வாரம் விட்டு, மகன் வீட்டுக்குப் போனோம். மருமகள் குழந்தையைக் கையில் கொடுத்தாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த கொஞ்சலைச் சொல்ல கெங் குனிந்து வாயைத் திறந்தார்.

குழந்தை அவர் முகத்திலேயே தும்மியது.

"ஐயோ மாமா, துடைங்க!" என்று மருமகள் துண்டோடு ஓடிவந்தாள்.

"தள்ளிப் போம்மா! என் பேத்தி எனக்குக் குடுத்த முதல் பரிசு!"

குழந்தை பிறந்தால் அக்கம்பக்கத்துக்குச் சிவப்புச் சாயமிட்ட முட்டை கொடுப்பது எங்கள் வழக்கம்; அந்த ஈர முகத்தோடே மாடி மாடியாக அதைக் கொடுக்கப் போனார். எல்லோரும் கதவிடுக்கு வழியாகக் கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டார்கள்.