ளுஹருக்குக் கட்டிய கால்

பாலமுனை மீன் வியாபாரி றாஸிக்கின் இடது கால் ஒவ்வொரு நாளும் நண்பகல் தொழுகையான ளுஹரின் பாங்கோடு புதிதாகக் காயப்பட்டது. பதினெட்டு வருடமாக அப்படித்தான்.

யுத்த காலத்தில் கடற்கரையில் ஷெல் விழுந்து முழங்காலுக்குக் கீழே சதை கிழிந்தது. அம்புலன்ஸில் தொண்டராக ஓடித் திரிந்த முகைதீன்பாவா, சாரத்தைக் கிழித்துத் தொடையில் இறுக்கினார். கட்டிய நேரத்தைக் காயக்காரரின் நெற்றியில் எழுதிவிட வேண்டும். இரண்டு மணித்தியாலம் தாண்டினால் கால் போய்விடும், அடுத்து ஏந்தும் கைகளுக்கு அது தெரிய வேண்டும். அவருடைய மணிக்கூடு உடைந்திருந்தது. பள்ளியில் பாங்கு கேட்டது. ‘கட்டியது ளுஹர்’ என்று எழுதினார். திகதி எழுதவில்லை. அந்த நெருப்புக்குள் யார்தான் எழுதுவார்?

கால் அந்த எழுத்துக்குக் கட்டுப்பட்டது. மாலையில் நீலம் பாரிக்கும், விடியற்காலை சுபஹுக்குள் கறுத்துப்போகும், வீடே அழும். ளுஹர் பாங்கு சொன்னதும் சிவந்து, இப்போதுதான் கட்டியது போலாகிவிடும். நெற்றியைப் படித்த டொக்டர்மார் இன்னும் நேரமிருக்கிறது என்று வெட்டாமல் விட்டார்கள். அவிழ்க்கப் போனால் கத்தரிக்கோல் மழுங்கியது. தொழுகைக்கு முன் எத்தனை தரம் முகம் கழுவி வுழூச் செய்தும் எழுத்து அழியவில்லை. றாஸிக் கதிரையில் இருந்து தொழுதார், மீன் விற்றார், இரண்டு பிள்ளைகளுக்கு வாப்பாவானார். கால் சாகவுமில்லை, ஆறவுமில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. போகிறதென்றால் போய்த் தொலையட்டும் என்று அதன் முகத்துக்கு நேரேயே ஏசினார்.

முகைதீன்பாவா இறக்காமத்தில் வேளாண்மை செய்கிறார் என்று மனைவி ஸஹ்றாவுக்கு இந்த வருடம்தான் தெரியவந்தது. ஒரு வெள்ளிக்கிழமை ஓட்டோவில் போய், யானைக்காவல் பரணில் இருந்தவரை இறக்கிக் கொண்டுவந்தாள்.

“காக்கா, இது நீங்க கட்டின கட்டு. நீங்களே அவுத்து விடுங்க.”

அவர் நெற்றியைப் பார்த்தார். “யா அல்லாஹ், திகதி போடாம விட்டுட்டனே தங்கச்சி!”

அவர் கை பட்டதும் முடிச்சு இளகியது. பள்ளியில் ஜும்ஆவுக்குப் பாங்கு சொன்னார்கள். இரத்தம் இறங்கியது, பெருவிரல் அசைந்தது, றாஸிக் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். பழக்கம் விடாத முகைதீன்பாவா பேனையை எடுத்து நெற்றியில் மேல்வரியை வெட்டினார். கீழே ‘அவிழ்த்தது ஜும்ஆ’ என்று எழுதினார்.

ஒரு மாதத்தில் காயம் மற்றவர்களின் காயம் போலவே ஆறியது. ஆனால் மனிசன் இந்தத் தரமும் திகதி போடவில்லை. வெள்ளிதோறும் ஜும்ஆவின் பாங்கு கேட்டதும், கட்டே இல்லாத காலுக்குள் இரத்தம் புதிதாக இறங்கும். “அல்ஹம்துலில்லாஹ்” என்று றாஸிக் விடும் பெருமூச்சு பள்ளியின் கடைசி வரிசை வரை கேட்கும். அது முடியும்வரை கதீப் குத்பாப் பிரசங்கத்தைத் தொடங்குவதில்லை.