முட்டைகோஸ் பிள்ளை

முதல் வரிசையில் இரண்டு நாற்காலிகளில் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருந்தான் சில்வஸ்டர். செல்லக்கண்ணுவும் அவர் மனைவி ராஜகுமாரியும் கூச்சத்தோடு அதில் உட்கார்ந்தார்கள். குன்னூரில் ஒரு காபிக் கடையின் மாடி அது. சாயங்காலம் நாலு மணிக்கு நாடகம். நடிக்கப்போவது சில்வஸ்டர் ஒருவன்தான். அரைநாள் லீவு போட்டு, கட்டபெட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார்கள். தோட்டத்து மேடையில் பத்து வருஷம் பக்கத்தில் நின்றவன் கூப்பிட்டு எப்படி வராமலிருப்பது?

பொய் சொல்லாத ராஜாவின் கதை. மாரியம்மன் திருவிழாவில் தோட்டத்து லைன் வீடுகளின் ஆட்கள் விடியவிடிய ஆடுவது. சில்வஸ்டர் ராஜா, செல்லக்கண்ணு சேலை கட்டி ராணி. கோயம்புத்தூருக்குப் போன சில்வஸ்டர் அதையே சிரிப்பு நாடகமாக்கியிருந்தான். கிரீடத்துக்குப் பதில் ஹெல்மெட். முனிவர் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பி நாட்டைக் கேட்டார். செல்லக்கண்ணுவுக்குச் சிரித்து வயிறு வலித்தது. ராஜகுமாரிகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நம்ம பய எப்படி வந்துட்டான் பாரு" என்றார் அவளிடம்.

பிறகு சுடுகாட்டுக் காட்சி. சில்வஸ்டர் தலையில் சேலையைப் போட்டு ராணியானான். பாம்பு கடித்துச் செத்த மகனாக ஒரு முட்டைகோஸை மடியில் ஏந்தினான். "என் ராசா, என் கண்ணே" என்று தொடங்கியவன் சட்டென்று, "ஐயோ ப்ரியா, எஞ்சாமி ப்ரியா" என்று அலறினான். உடனே சேலையை உதறி, கம்பை ஊன்றிக் காவல்காரனானான். "ஏம்மா, பையனுக்குப் ப்ரியான்னா பேரு? ஆதார் கார்டக் காட்டு."

மாடியே அதிரச் சிரித்தார்கள்.

கைதட்டத் தூக்கிய செல்லக்கண்ணுவின் கைகள் அப்படியே நின்றன. மகள் ஷண்முகப்ரியா காய்ச்சலில் போய் மூன்று மாதமே ஆகியிருந்த வருஷத் திருவிழாவில் இதே காட்சி. துணிப்பொதியை மடியில் வைத்துப் பாடும்போது அவர் வாயில் மகள் பெயர் வந்துவிட்டது. அதற்குமேல் பாட்டு வரவில்லை, அழுகைதான் வந்தது. அன்று எதிரே கம்போடு நின்ற சில்வஸ்டர்தான் குனிந்து, "யாரு பெத்த பிள்ளையா இருந்தாலும் பிள்ளைதானம்மா" என்று சொந்தமாக ஒரு வசனம் சொல்லி, தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினான். கீழே இருந்த நூறு பேரில் ஒருவரும் மறுநாள் அதைப் பேசவில்லை. ஊர் வம்பெல்லாம் பேசும் மூக்கம்மாகூடப் பேசவில்லை. அன்று வீட்டைவிட்டு வெளியே வராத ராஜகுமாரியின் காதுக்குப் போகாமல் பதினோரு வருஷம் காத்தார்கள். மாரியம்மன் தங்கள் லைனில்தான் இருக்கிறாள் என்று செல்லக்கண்ணு நம்பியது அதை வைத்துத்தான்.

சில்வஸ்டர் கோஸை மேலே எறிந்து பிடித்தான். இரண்டாம் தடவை தவறி, அது உருண்டு வந்து செல்லக்கண்ணுவின் செருப்பில் முட்டியது.

"அண்ணே, பிள்ளையக் குடுங்க."

செல்லக்கண்ணு அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கொடுக்கவில்லை. அதுவும் நாடகம் என்றெண்ணி எல்லோரும் கைதட்டினார்கள்.

முடிந்ததும் வியர்வையோடு ஓடிவந்தான். "எப்படீங்கண்ணே? அந்த எடத்துக்குத்தான் எல்லா ஊர்லயும் கைதட்டு."

"எல்லா ஊர்லயுமா?"

"அது யாரு பேருன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்ண்ணே?"

"உனக்குத் தெரியுமில்ல, சில்வஸ்டரு."

அவன் ராஜகுமாரியைப் பார்த்தான். பிறகு கையிலிருந்த ஹெல்மெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பஸ்ஸில் ராஜகுமாரி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கோஸ் இன்னும் அவர் மடியில்தான் இருந்தது. பிள்ளையைப் புதைத்த மறுநாளே கத்தியை எடுத்துக்கொண்டு தேயிலைச் செடி வெட்டப்போன மனுசன் என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள்.

"ஏனுங்க, அப்ப திருவிழா மேடையில ப்ரியான்னு அழுதது நீங்களா?"

"ம்."

"ஊட்டுல ஒரு நாளும் அழுவலியே."

அவர் இருட்டத் தொடங்கிய தேயிலைச் சரிவைப் பார்த்தார். வண்டி வளைவில் திரும்பியபோது மடியிலிருந்த கோஸ் நழுவியது. ராஜகுமாரி எட்டிப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஜன்னல் வழியே மஞ்சுப் பனி உள்ளே வந்தது. அவள் சால்வையின் ஓரத்தை இழுத்து அதன் மேல் மூடினாள்.