நூல் ஒட்டிய இறக்கை

காற்றுச் சுரங்கம் என்றதும் பெரிதாக எதையோ எதிர்பார்த்து வருவார்கள். வந்து பார்த்தால், பொறியியல் கட்டடத்தின் தரைத்தளத்தில் ஒரு நீண்ட மரக்குழாய் கிடக்கும். ஒரு பக்கம் அகன்றிருக்கும், நடுவில் ஒடுங்கும், மறுமுனையில் ஆள் உயர மின்விசிறி. ஒடுங்கிய இடத்தில் ஒரு கண்ணாடிச் சன்னல். அந்தச் சன்னலுக்கு முன்னால்தான் என் மனைவி தன் கடைசி வருடங்களைக் கழித்தாள்.

நான் பல்கலைக்கழக வாசலில் ஆய்வேடுகளை பைண்டு செய்யும் கடை வைத்திருக்கிறேன். அவள் தொழிற்பயிற்சிக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள். நாற்பதை நெருங்கும் வயதில், "இனி நானும் கொஞ்சம் படிச்சுக்கிறேனே" என்று வேலையை விட்டுவிட்டு ஆராய்ச்சி மாணவியானாள். கூடப் படித்த பிள்ளைகளுக்கெல்லாம் அவள் அக்கா. அவர்களில் சின்னவள் ஒருத்தி ஓரிடத்தில் நிற்கமாட்டாள், பேசிக்கொண்டே இருப்பாள். என் மனைவிதான் அவளுக்குக் குருவி என்று பேர் வைத்தாள். குருவி இவளை அக்கா என்றும் என்னை அண்ணா என்றும் கூப்பிடுவாள்.

"ஏண்டி, நான் அக்கா, அவரு அண்ணன்னா எங்களுக்குள்ள என்னடி முறை?" என்று என் மனைவி கேட்பாள்.

"அது உங்க குடும்ப விவகாரம்கா, என்னை இழுக்காதீங்க" என்பாள் குருவி.

என் மனைவியின் ஆராய்ச்சி ஆளில்லாத சின்ன விமானங்களைப் பற்றியது. அவை மெதுவாகப் பறப்பவை. மூக்கை அதிகம் தூக்கினால் இறக்கையின் முதுகை ஒட்டி ஓடும் காற்று ஒரு கட்டத்தில் பிய்த்துக்கொண்டு போய்விடும். உடனே தூக்கும் விசை விழும், விமானமும் விழும். அவள் இறக்கையின் முன்விளிம்பை நேராக விடாமல் அலை அலையாக வடித்தாள். நேர்விளிம்பு இறக்கை கைவிடும் சாய்விலும் அலை இறக்கை தாக்குப் பிடித்தது. கட்டுரை அச்சாயிற்று. முன்பின் தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் அவளுக்குக் கடிதம் வந்தது. அவற்றில் பாதியைப் படிக்கும்போது அவள் மருத்துவமனைக் கட்டிலில் இருந்தாள். மீதியை நான் படித்தேன்.

அவள் போன மறு வருடம் சுரங்கக் கூடத்தைப் புதுப்பித்தார்கள். திறப்பு நாளில் விருந்தினர்களுக்கு அவளுடைய இறக்கையை ஓட்டிக் காட்டுவது என்று பேராசிரியர் முடிவு செய்து, கடைக்கே வந்து என்னை அழைத்தார். குருவிதான் இப்போது அந்த அலை வடிவத்தை வைத்து ஆராய்ச்சி செய்கிறாள். சாமான்களை இடம் மாற்றும்போது பழைய இறக்கை விரிசல் விட்டுக் குப்பைக்குப் போய்விட்டதால், என் மனைவியின் வரைபடத்தை வைத்தே புதிதாக ஒன்று செய்திருந்தாள். தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளப்பாக்கியிருந்தாள். கூடத்து வேலை முதல் நாள் இரவுதான் முடிந்ததால் முன்கூட்டி ஓட்டிப் பார்க்க நேரமில்லை.

நான் இஸ்திரி போட்ட சட்டையில் போயிருந்தேன். முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பேராசிரியர் என் மனைவியைப் பற்றிப் பேசியபோது நான் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டேன். விசிறி சுற்றத் தொடங்கியது. குருவி இறக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்க்க, திரையில் தூக்கும் விசையைக் காட்டும் கோடு ஏறிக்கொண்டே போனது. சாதாரண இறக்கை விழும் இடம் வந்தது. அதே இடத்தில் இதுவும் விழுந்தது.

குருவி விசிறியை நிறுத்தி, திருகாணிகளை இறுக்கி, மறுபடி ஓட்டினாள். மறுபடி விழுந்தது.

"கூட்டத்தைப் பார்த்ததும் வெக்கம் வந்துடுச்சு போல" என்றார் விருந்தினர் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். குருவியின் கழுத்து சிவந்துவிட்டது. மூன்றாவது முறையும் விழுந்த பிறகு யாரும் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

தேநீர் கொடுக்கும்போது அதே விருந்தினர் பேராசிரியரிடம் தணிந்த குரலில் சொன்னார்: "உடம்பு வேற முடியாம இருந்தாங்கன்னீங்க. சீக்கிரம் முடிக்கணும்னு நம்பரைக் கொஞ்சம் கூட்டிப் போட்டிருப்பாங்க. நடக்கிறதுதான்."

பேராசிரியர் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நானும் திறக்கவில்லை. எனக்கு அந்த ஆள்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உடம்பெல்லாம் கூசியது, அவ்வளவுதான். கடன்காரனைக் கண்டவன் மாதிரி பின்வாசல் வழியாக வெளியே வந்தேன்.

வீட்டுக்குள் நுழையும்போதே போன் அடித்தது. அத்தை, என் மனைவியின் அம்மா. நர்சாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இவள் ஒரே மகள்.

"என்ன மாப்பிள்ளை, எம்பொண்ணு இறக்கை நல்லா நின்னுச்சா?"

"இல்ல அத்தை. நிக்கல."

"ஏன், மெஷின்ல கோளாறா?"

"மெஷின் நல்லாத்தான் இருக்கு." செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தேன். "அவதான் கொஞ்சம் கூட்டி எழுதிட்டா போலிருக்கு."



"யாரு சொன்னா?"

யாரோ ஒரு விருந்தினர் சொன்னார் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தையிடம் என் வாயால் சொன்னபோது அது என் நினைப்பாகத்தான் இருந்தது. "எனக்கே அப்படித் தோணுது" என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். அதன் பிறகு நான் எத்தனை தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து குருவி கடைக்கு வந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். ஒரு பழைய படத்தைத் தன் போனில் பெரிதாக்கிக் காட்டினாள். சுரங்கத்துக்குள் என் மனைவியின் இறக்கை. அதன் முதுகெல்லாம் சின்னச் சின்ன நூல்துண்டுகள்.

"அண்ணா, இந்த நூலை அக்கா எதை வெச்சு ஒட்டினாங்க? டேப் கறுப்பா தெரியுதே."

எனக்கு நன்றாக நினைவிருந்தது. காற்று கண்ணுக்குத் தெரியாதே, அதற்காகக் கம்பளி நூலைத் துண்டு துண்டாக வெட்டி வரிசையாக இறக்கையில் ஒட்டுவார்கள். காற்று ஒழுங்காக ஓடினால் நூல் படிந்து கிடக்கும், பிய்த்துக்கொண்டால் நூல் துள்ளும். எங்கள் சாப்பாட்டு மேசையில்தான் ஒட்டினோம். சாதாரண டேப் காற்றில் பிய்ந்துகொண்டே இருந்ததால், ஆய்வேடுகளின் முதுகில் ஒட்டும் தடித்த துணி டேப்பைக் கடையிலிருந்து எடுத்துப் போனேன். அவள் நூலைப் பிடித்துக்கொள்ள, நான் டேப்பை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நீளமாக இழுத்து ஒட்டினேன். சிகிச்சையில் அவள் தலைமுடி முழுக்க உதிர்ந்திருந்த நேரம். "பாருங்க, என் தலையில போனதெல்லாம் இதுல முளைக்குது" என்று சொல்லிச் சிரித்தாள்.

"இந்த டேப்தான்" என்று கடையில் தொங்கிய சுருளைக் காட்டினேன்.

"அந்த நூலோடயேதான் அக்கா அளவும் எடுத்திருக்காங்க, தெரியுமா?"

"பிச்சா பெயிண்ட் உரியும், திரும்ப ஒட்ட உடம்புல தெம்பில்லன்னு சொன்னா."

குருவி சுருளைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். "கடையைச் சாத்துங்க. வாங்க."

கூடத்தில் வேறு யாரும் இல்லை. படத்தைப் பார்த்துப் பார்த்து, புது இறக்கையிலும் அதே இடங்களில் டேப்பை ஒட்டினோம். முதல் வரிசை முன்விளிம்பை ஒட்டியே இருந்தது. விசிறி சுற்றியது. கோடு ஏறியது. போன தடவை விழுந்த இடத்தைத் தாண்டியும் ஏறியது. என் மனைவி எழுதிய எண்வரை போய், அங்கேதான் விழுந்தது.

நான் கண்ணாடியில் கை வைத்து நின்றேன். "பொய் இல்ல" என்றேன். "குருவி, அவ எழுதினது பொய் இல்ல."

குருவி என்னுடன் சேர்ந்து சந்தோஷப்படவில்லை. "இன்னும் ஒண்ணு பாக்கணும்ணா" என்று சொல்லி, அலை இறக்கையைக் கழற்றிவிட்டு சாதாரண நேர்விளிம்பு இறக்கையைப் பொருத்தினாள். அதிலும் அதே இடத்தில் ஒரு நீள டேப்பை ஒட்டினாள். ஓட்டினாள். அதுவும் அதே மாதிரி நின்றது.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து எனக்கு விளக்கினாள். மெதுவாக ஓடும் காற்று வழவழப்பான முதுகில் சோம்பலாக வழுக்கிக்கொண்டு போகுமாம், சீக்கிரம் பிரிந்துவிடுமாம். டேப்பின் தடித்த விளிம்பு தடுக்கியதும் அது கலங்கி, புரண்டு, முதுகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுமாம். நேர்விளிம்பு இறக்கையை அக்கா ஆராய்ச்சியின் முதல் வருடத்திலேயே அளந்து முடித்துவிட்டாள், அப்போது அதில் நூல் இல்லை. நூல் இல்லாத அதையும் நூல் ஒட்டிய அலை இறக்கையையும் வைத்து ஒப்பிட்டிருக்கிறாள்.

"அப்போ அலை?"

"அலையால ஒண்ணும் இல்லண்ணா. எல்லாம் டேப்." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "என் ரெண்டு வருஷமும் உங்க கடை டேப்புக்குத்தான் போச்சு."

மறுநாள் பேராசிரியர் அறையில் மூவரும் உட்கார்ந்தோம். அவர் வெகுநேரம் குருவியின் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு அந்த ஆளு பேசினப்போ நான் வாயை மூடிட்டு நின்னேன். அது தப்பு."

அத்தையிடம் நான் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு, அதை அவரிடம் சொல்ல முடியவில்லை.

"இப்ப ரெண்டு வழி இருக்கு" என்றார். "கட்டுரை தப்புன்னு அதே பத்திரிகையில போட்டுடலாம். இல்ல, இதை இப்படியே விட்டுடலாம். குருவி வேற தலைப்பு எடுத்துக்கட்டும். செத்துப்போனவங்க பேருல ஒரு நல்ல கட்டுரை இருந்துட்டுப் போகட்டும். உங்க மனசு எப்படியோ அப்படி."

விட்டுவிடலாம் என்றுதான் சொல்ல நினைத்தேன். அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இரண்டு அறை வீட்டில் அவள் விட்டுப்போனது அந்தக் கட்டுரை ஒன்றுதான். பிறகு அவளுக்கு வந்த கடிதங்கள் நினைவுக்கு வந்தன. அவர்களும் என்றைக்காவது இதே இறக்கையைச் செய்வார்கள், பளபளவென்று தேய்ப்பார்கள், ஓட்டிப் பார்ப்பார்கள். விழும். அப்போது அவளைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். கூட வாழ்ந்தவனே நினைத்தானே.

"போட்டுடுங்க சார்" என்றேன். "டேப்பைப் பத்தி ஒண்ணு விடாம எழுதணும். எடுத்த அளவெல்லாம் சரி, காரணம்தான் தப்புன்னு புரியிற மாதிரி."

குருவிதான் எழுதினாள். அச்சாவதற்கு முன்பே பிரதி ஒன்றை வாங்கிக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனேன். சொல்லாமல்தான் போனேன், சொன்னால் வரவேண்டாம் என்பார். கதவைத் திறந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"போனை எடுக்கலன்னா நேர்ல வந்துடுவீங்களோ?"

ஆனாலும் வழிவிட்டார். கூடத்தில் துவைத்த துணிகள் குவிந்து கிடந்தன. அவர் மடித்துக்கொண்டே இருக்க, நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். டேப், நூல், வழவழப்பு, கலங்கல். பத்திரிகைக்குப் போகிற பக்கத்தை வரி வரியாக அர்த்தம் சொல்லிப் படித்துக் காட்டினேன். அவர் துணியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"அப்ப எம்பொண்ணு கூட்டி எழுதல."

"இல்ல அத்தை. பார்த்ததைத்தான் எழுதியிருக்கா."

"இதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு மெஷின் வேண்டியிருந்துச்சு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மன்னிப்புக் கேட்க வந்திருந்தேன். வழியெல்லாம் அந்த வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். இப்போது ஒன்றுகூட வாயில் வரவில்லை.

அவர் கடைசித் துண்டை மடித்து வைத்துவிட்டுக் கையை நீட்டினார். பக்கத்தைக் கொடுத்தேன். தாளைத் தூரத்தில் பிடித்து, மகளின் பெயர் இருந்த இடத்தைத் தேடி விரலை வைத்தார்.

"இதுல உங்க பேரு எங்க மாப்பிள்ளை?"

"என் பேரு எதுக்கு அத்தை? நான் ஆராய்ச்சி பண்ணலையே."

"டேப் யாரு கடையோடது?"

"என் கடையோடது."

"இழுத்து ஒட்டினது?"

"நான்தான்."

"அப்போ தப்பு ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணினது" என்றார். "அது கெட்டுப்போச்சுன்னதும் அவளைத் தனியா விட்டுட்டு நீங்க மட்டும் எப்படி அந்தப் பக்கம் போய் நின்னுக்கிட்டீங்க?"

கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தார். உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியவர் மாதிரிதான் காத்திருந்தார். நான் அந்தத் தாளைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் முடியாமல், எழுந்து போகவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் மடித்த துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே போனார். நான் போகலாமா, இருக்க வேண்டுமா என்று அவர் சொல்லவில்லை. இருந்தேன்.