ஓடை மறையும் பள்ளம்

சவக்குழி வெட்ட வந்த பேச்சிராஜ் மண்வெட்டியை ஓங்கும்போதுதான் ராஜதுரை பள்ளத்தின் ஓரத்துக்கு மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். வீட்டில் அவன் மனைவி மாலாவைக் கிடத்தியிருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தவள், பிறகு எழவில்லை.

“அங்கன தோண்டாத பேச்சி!”

ராஜதுரையின் அண்ணன் குருநாதன் திரும்பினார். “ஏலே, நம்ம குடும்பத்துல சொந்தக் காட்டுலதான அடக்கம்? மத்த எடமெல்லாம் கல்லு. இங்கனதான் மண்ணு ஆழமாக் கெடக்கு. அவளுக்கும் பிடிச்ச எடம்லா.”

பிடித்த இடம்தான், சந்தேகமில்லை. சாபம் விழுந்த குழி என்று எல்லோரும் ஒதுக்கிய இடத்தை, சங்கரன்கோவிலில் புவியியல் டீச்சரான மாலா, கல்யாணமாகி வந்த வாரமே சுற்றிச் சுற்றி வந்தாள். மழைக்கு வரும் ஓடை இந்தக் குழிக்குள் இறங்கிக் காணாமல் போகும். அதற்கப்பால் ஓடையின் தடம் மட்டும் வறண்டு கிடக்கும். மழைத்தண்ணீர் மண்ணின் புளிப்போடு இறங்கிச் சுண்ணாம்புப் பாறையைக் கரைக்கிறது, விரிசல் அகலமாகிறது, மேல்மண் உள்வாங்கிப் பள்ளமாகிறது, பள்ளங்கள் சேர்ந்து பள்ளத்தாக்காகின்றன என்று அவள் சொல்லச் சொல்ல, ராஜதுரைக்குத் தன் வறட்டுக் காட்டின்மேலேயே ஒரு மரியாதை வந்தது.

அந்தத் தண்ணீர் எங்கே போகிறதென்று பார்க்க, ஓர் ஐப்பசி மழையில் அண்டா அண்டாவாக மஞ்சளைக் கரைத்துக் குழிக்குள் விட்டாள். மறுநாள் ஊரே குடிக்கும் கீழ்க்காட்டுக் கிணறு மஞ்சளாகிவிட்டது. “டீச்சரம்மா கெணத்துல சாம்பார் வச்சிட்டா” என்று குருநாதன் வருஷக்கணக்கில் கேலி பேசினார். அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் அதன்பிறகு செத்த ஆட்டைக்கூட அந்தக் குழியில் போட அவள் யாரையும் விட்டதில்லை. என்ன கெட்டிக்காரி!

அவளை இங்கேயே வைத்துக்கொள்ள அவனுக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

“அண்ணே, இங்கன வச்சா கெணத்துக்குத்தான் போகும்.”

“எது?”

“அவதான்.”

குருநாதன் பேச்சிராஜின் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிக் கீழே வைத்தார்.

“அப்போ எங்கன வைக்க?”

“வடக்கு மேட்டுல. அங்கன சுண்ணாம்புக்கல்லு கெடையாதுன்னு சொல்லுவா.”

“அய்யா, அது கருங்கல்லுல்லா!” என்றான் பேச்சிராஜ். “கடப்பாரை எறங்காதே.”

“எறங்குத வரைக்கும் இடிப்போம். எடுலே” என்று குருநாதன் வேட்டியை மடித்துக் கட்டினார்.

வெயில் ஏற ஏற மேட்டில் இரும்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பேச்சிராஜ் எவ்வளவு கேட்டும் குருநாதன் கடப்பாரையைக் கொடுக்கவில்லை. உள்ளங்கையில் கொப்புளம் எழும்பிவிட்டது. அவர் மனைவி முத்துத்தாய் கீழ்க்காட்டுக் கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து, செம்பில் மொண்டு நீட்டினாள்.

குருநாதன் வாங்கி, மஞ்சளைத் தேடுவதுபோலச் செம்புக்குள் பார்த்தார்; தண்ணீர் தெளிவாக இருந்தது. பிறகு அண்ணாந்து, ஒரு சொட்டும் சிந்தாமல் முழுவதையும் குடித்தார்.