சிவகிரி கேட்ட ஆள்

மூன்றரை மணிக்கே ஆதம் தையல் மெஷினுக்கு உறை போட்டுவிட்டான். கூட்டம் குற்றாலத்தில், ஐந்து மணிக்கு. தென்காசியிலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரம்தான். அவனுக்குப் போகிற நேரத்தைப் பற்றிக் கவலை இல்லை, திரும்புகிற நேரத்தைப் பற்றித்தான். ஆனி மாதம். மலையில் மேகம் இறங்கிக் கிடந்தது. சாரல் காலத்தில் ஆறு மணிக்கே விளக்கு வைக்கிற நேரம் மாதிரி இருட்டிவிடும். அரை மணியில் பேச்சு முடிந்தால் வெளிச்சத்தோடு வீடு வந்து சேரலாம். ஆனால் அப்படி முடிகிற கூட்டமா அது? அடுத்த வருஷம் வாலிபால் டீமில் யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது, வெளியிலிருந்து யாரைக் கொண்டுவருவது என்று பேசுகிற கூட்டம். பந்து ஆடுகிற நாட்களில் கூட இத்தனை சண்டை நடக்காது. மைதானத்தில் தண்ணீர் கட்டி நிற்கிற இந்த மூன்று மாதம்தான் எல்லாச் சண்டையும்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. ஹைருன் பீவி கதவருகே வந்து நின்றாள்.

"நா வேணா கூட வரட்டா?"

"கமிட்டிக்குப் பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போனா சிரிக்க மாட்டாங்களா?"

"அப்பம் இன்னைக்குப் போவாண்டாம். காய்ச்சல்னு சொல்லி அனுப்பிருதேன்."

"நா இல்லாத எடத்துல என்னத்தையாவது முடிவு பண்ணிருவாங்க" என்று சொல்லிச் செருப்பை மாட்டினான். அவன் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஒன்றரை வருஷமாக ஆதமுக்கு இருட்டில் கண் தெரியவில்லை. மாலைக்கண் என்று முதலில் நினைத்தார்கள். முருங்கைக்கீரையும் ஆட்டு ஈரலுமாக அவள் ஆக்கிப்போட்டாள். சரியாகவில்லை. அதோடு இப்போது பகலிலும் நேரே பார்ப்பது மட்டும்தான் தெளிவாக இருக்கிறது, பக்கத்தில் இருப்பது இல்லாமல் போய்விடுகிறது. குழாய் வழியாகப் பார்ப்பது போல. எதிரே தைக்கிற துணி தெரியும், பக்கத்தில் வைத்த கத்தரிக்கோலைக் கையால் தடவித்தான் எடுக்க வேண்டும். டாக்டரிடம் போகவில்லை. போனால் பெயர் சொல்லிவிடுவார்கள். பெயர் இல்லாதவரை அது வந்த வழியே போய்விடும் என்று ஒரு நம்பிக்கை.

ஐந்து மணிக்கே கடை அடைக்கிறானே என்று யாரும் கேட்டதில்லை. ஆதம் வாலிபால் பிராக்டிஸுக்குப் போகிறான் என்று ஊருக்குத் தெரியும். பதினோரு வருஷமாக டீமில் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவன் அவன்தான். அவன் வலைக்கு மேலே பூப்போல் தூக்கி வைத்தால் சுந்தரபாண்டி எழும்பி அடிப்பான். இரண்டு பேர் பேரையும் சேர்த்தேதான் சொல்வார்கள். தைக்கிறவனுக்குக் கண் போய்விட்டது என்று ஒருத்தன் வாயில் வந்துவிட்டால் அப்புறம் சட்டைத்துணியை யார் கொண்டுவந்து கொடுப்பார்கள்?

குற்றாலம் பஸ்ஸில் சுந்தரபாண்டிதான் கண்டக்டர். பஸ் முதலாளி சங்கரநாராயணன்தான் டீமுக்கும் தலைவர். சுந்தரபாண்டி நன்றாக அடிக்கிறான் என்றுதான் அந்தத் தோல்பையே அவன் கழுத்தில் ஏறியது. இன்னும் நிரந்தரம் ஆகவில்லை.

"ஏறு மாப்ளே. கமிட்டிக்கா?" என்றான். ஈரக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து ஆதமுக்கு ஜன்னலோரம் இடம் பண்ணிக் கொடுத்தான். கொஞ்ச நேரம் கழித்து, டிக்கெட் எல்லாம் கிழித்து முடித்து, பக்கத்தில் வந்து சாய்ந்தான். "என்னய சிவகிரி டீமுக்குத் தள்ளிவிடப் போறாவன்னு பேசிக்கிடுதாங்க. நெசமாலே?"

"யாரு சொன்னா?"

"டிரைவரு. ஷெட்டுல பேசுனாங்களாம்." அவன் சிரித்தான். சிரிப்பு சரியாக வரவில்லை. "வீட்டுல பேச்சித்தாயிக்கு இது எட்டாம் மாசம். சிவகிரியில போயி எங்கன குடியிருக்க? ஆனா நீ உள்ள இருக்கல்லா, எனக்கென்ன."

ஆதம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். சாலையோரம் குளித்துவிட்டு வருகிறவர்கள் தலையில் துண்டோடு நடந்தார்கள். இவன் பார்வைக்குள் அவர்கள் ஒவ்வொருத்தராக வந்து, உடனே காணாமல் போனார்கள்.

சீசனுக்கு வரும் விருந்தாளிகளுக்காக முதலாளி குற்றாலத்தில் ஒரு பங்களா பிடித்திருந்தார். சாலையிலிருந்து இருபது படி ஏற வேண்டும். ஆதம் ஏறும்போதே எண்ணிக்கொண்டான். இடையில் ஒரு படி உடைந்திருந்தது. ஒன்பதாவது.

வராந்தாவில் முதலாளி மங்குஸ்தான் பழத்தை உடைத்துக்கொண்டிருந்தார். விரலெல்லாம் ஊதாக்கறை. எதிரே செயலாளர் அனந்தநாராயணன். போஸ்ட் ஆபீசில் வேலை. ஒரு நாளும் பந்தைத் தொட்டதில்லை, ஆனால் பந்து எங்கெல்லாம் விழுந்தது என்று எட்டு வருஷமாக நோட்டில் எழுதி வைத்திருக்கிறவர். மடியில் அந்த நோட்டு இருந்தது. அருவிச் சத்தத்தில் எல்லோரும் கொஞ்சம் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"ஆதம், ஒக்காரு. பழம் எடு" என்றார் முதலாளி. "சாமி, படிங்க."

அனந்தநாராயணன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "சுந்தரபாண்டி. முந்தின வருஷம் நூறு பந்து அடிச்சா அதுல பன்னெண்டு வெளில போயிருக்கு. இந்த வருஷம் முப்பத்தொண்ணு. சிவகிரி ஃபைனல்ல மட்டும் அறுவத்தஞ்சு அடிச்சிருக்கான், இருவத்தாறு அவுட். அண்ணாச்சி, எனக்கு அவன்மேல ஒரு கோபமும் இல்லை. நோட்டு சொல்றதைச் சொல்றேன்."

"வயசாயிட்டா அவனுக்கு?"

"இருவத்தொம்போது. கை தளர்ந்துபோச்சுன்னு நெனைக்கிறேன்."

விஷயம் இதுதான். சிவகிரிக்காரர்கள் தங்கள் மாடனைத் தருவதாகச் சொல்கிறார்கள். இருபத்தொரு வயது, ஆறடி ஒரு அங்குலம். பதிலுக்கு சுந்தரபாண்டியைக் கேட்கிறார்கள். அங்கே நாலைந்து சின்னப் பையன்கள் இருக்கிறார்கள், கூட நின்று ஆட அனுபவசாலி ஒருத்தன் வேண்டும். லாரி ஷெட்டில் ஏதோ வேலை போட்டுத் தருவார்கள். இன்னொன்றும் இருந்தது. கீழப்பாவூரில் வாஞ்சிநாதன் என்று ஒருத்தர் பட்டாளத்திலிருந்து வந்திருக்கிறார். பட்டாள டீமில் பந்து தூக்கிக் கொடுத்தவர். எந்த டீமிலும் இல்லை, யார் கூப்பிட்டாலும் வருவார்.

"ஒனக்கு ஒத்தாசைக்குத்தான்" என்றார் முதலாளி, ஆதமைப் பார்த்து. "நீ எத்தன ஆட்டத்துக்குத்தான் தனியா நிப்ப?"

ஒத்தாசை என்றுதான் எல்லாம் ஆரம்பிக்கும்.

சிவகிரி ஃபைனல் அவன் கண்முன் வந்தது. கம்பங்களில் கட்டின ட்யூப்லைட். பந்து கறுப்பிலிருந்து வந்து, வெளிச்சத்தில் ஒரு கணம் நின்று, மறுபடி கறுப்புக்குள் போனது. சுந்தரபாண்டி எங்கே நிற்கிறான் என்று தெரியாது. இந்த வருஷம் முழுக்க அவன் ஓடிவரும்போது "குடு, குடு" என்று குரல் கொடுத்தான். அந்தக் குரலை வைத்தே ஆதம் தூக்கினான். அன்றைக்கு ஊரே கூடிக் கத்தியது. குரல் கேட்கவில்லை. ஒரு முழம் முன்னே, ஒரு முழம் பின்னே என்று பந்து எழும்பியது. அந்தரத்தில் உடம்பை வளைத்து, எட்டாத பந்தையும் எட்டி அடித்தான் சுந்தரபாண்டி. அப்படி அடித்ததில் வெளியே போனதுதான் அந்த இருபத்தாறும். நோட்டில் அடித்தவன் பேர்தான் ஏறும். தூக்கினவன் பேர் ஏறாது.

"நான் சொல்றேன், அவனை விட்டுரலாம்" என்றார் அனந்தநாராயணன். "மாடன் மாதிரி ஆளு மறுபடி கெடைக்க மாட்டான்."

"நம்ம ஊருப் பயலைக் குடுத்துட்டு அடுத்தூருக்காரனைக் கொண்டாந்தா சனங்க என்னய ஏசுவாங்களே."

"ஜெயிச்சா ஏச மாட்டா, அண்ணாச்சி."

முக்கால் மணி நேரம் இப்படியே போனது. மாடனுக்குக் குதிகால் வீங்கும் என்று ஒரு பேச்சு. இல்லை, அது அவன் தம்பிக்கு என்று பதில். வராந்தாவின் ஓரங்கள் கரையத் தொடங்கியிருந்தன. முதலாளியின் முகம் தெரிந்தது, கை தெரியவில்லை. ஆதம் படிகளை நினைத்தான். ஒன்பதாவது இறங்கும்போது எத்தனையாவதாக வரும்?

"ஆதம்" என்றார் முதலாளி. "அவனுக்குப் பந்து தூக்கிக் குடுத்தவன் நீ. ஒனக்குத் தெரியாதது இந்த நோட்டுக்குத் தெரியாது. காலம்பர சிவகிரிக்காரங்க ஜீப் எடுத்துட்டு வாறாங்க. நீ சொல்லுததுதான் முடிவு. அவன் கை போயிட்டா, போவலையா?"

அருவி இரைந்தது. சொல்ல ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. அதை ஆதம் நாக்குக்குக் கொண்டுவந்தான். வந்தது வேறு.

"மாடன் நல்லாத்தான் அடிக்கான்" என்றான்.

முதலாளி பெருமூச்சு விட்டார். அனந்தநாராயணன் பேனாவைத் திறந்தார்.

வெளியே வந்தபோது ஆதமுக்கு எதிரே ஒன்றுமே இல்லை. கீழே எங்கோ இரண்டு மூன்று விளக்குகள், சாரலில் ஊறி. கைப்பிடிச் சுவரைத் தடவினான். பாசி வழுக்கியது. மற்றவர்கள் முன்னே இறங்கட்டும் என்று செருப்பைச் சரிசெய்கிறவன் போலக் குனிந்து நின்றான். பேச்சுக்குரல்கள் கீழே போய் அடங்கின. ஒரு காலை நீட்டினான். தரை வரவில்லை.

"நில்லு, நில்லு. அசையாத."

சுந்தரபாண்டியின் குரல். படியேறி வந்து அவன் முழங்கைக்கு அடியில் கையைக் கொடுத்தான். "கீழ பஸ்ஸ நிறுத்திட்டு வாறேன். ம், எறங்கு." பதினோரு படி இறங்கியதும், "இது ஒடஞ்ச படி, எட்டி வையி."

உடைந்த படியைத் தாண்டி ஆதம் காலை ஊன்றினான். அப்புறம் கேட்டான். "எப்பம்லே தெரியும் ஒனக்கு?"

"போன தையிலயே. கடையநல்லூர்ல விளக்கு வெளிச்சத்துல ஆடுனோமே, தண்ணி குடிக்கக் குடுத்த செம்பை நீ காத்துல தேடுன."

"பின்ன ஏன் யார்ட்டயும் சொல்லல? எல்லாரும் ஒன்னய ஏசும்போது?"

"என்னத்தச் சொல்ல? சொன்னா ஒனக்கு எவன் துணி குடுப்பான்? நானாவது நாளைக்கு ஏதாவது அடிச்சு சரிபண்ணிக்கிடலாம்னு இருந்தேன்."

கடைசிப் படியில் ஆதம் நின்றுவிட்டான். "நா ஒன்னய விட்டுட்டேன்லே. மேல அவங்க கேட்டாங்க. நா சொல்லலே."

சுந்தரபாண்டியின் கை முழங்கையிலிருந்து விலகவில்லை. ஆனால் அந்தக் கை அப்படியே விறைத்துப்போனது ஆதமுக்குத் தெரிந்தது. பஸ்ஸுக்குள்ளிருந்து யாரோ "கண்டக்டரே, கிளம்பலாமா" என்று கத்தினார்கள். சுந்தரபாண்டி அவனை ஏற்றி உட்காரவைத்தான். விசிலை ஊதினான். தென்காசி வரும்வரை எல்லோரிடமும் பேசினான், இவனிடம் மட்டும் பேசவில்லை. இறங்கும் இடத்தில் மட்டும் கையைப் பிடித்து இறக்கி, ஹைருன் பீவி குடையோடு நிற்கிற பக்கமாகத் திருப்பிவிட்டுப் போனான்.

இரவு ஆதம் சாப்பிடவில்லை. நடந்ததை அவளிடம் சொன்னான். அவள் சோற்றுச் சட்டியை மூடிவைத்தபடி, "பேச்சித்தாயி வயித்துப்புள்ளைக்காரி" என்று மட்டும் சொன்னாள்.

காலை ஏழு மணிக்கு பஸ் ஷெட்டுக்குப் போனான். முதலாளியும் அனந்தநாராயணனும் சிவகிரிக்காரர்களுக்காகக் காத்திருந்தார்கள். வாசலிலேயே நின்று ஆதம் சொன்னான். உட்கார்ந்தால் சொல்ல வராது என்று பயந்தான்.

"அண்ணாச்சி, அவன் கை போவல. என் கண்ணு போயிட்டு."

முதலாளி பேப்பரை மடித்தார். ஆதம் எல்லாவற்றையும் சொன்னான். ட்யூப்லைட், குரல், ஒரு முழம் முன்னே பின்னே, எல்லாம். சொல்லி முடித்தபோது டிரைவர்களும் கிளீனர்களும் வேலையை விட்டுச் சுற்றி நின்றிருந்தார்கள். மத்தியானத்துக்குள் இது பஜார் முழுக்கப் போய்விடும். அது அவனுக்குத் தெரிந்தது. அதிசயமாக, அந்த நேரத்தில் பயம் கூடவில்லை, குறையவும் இல்லை. இடம் மட்டும் மாறி உட்கார்ந்தது.

அனந்தநாராயணன் நோட்டைத் திறந்து ஏதோ பக்கத்தைத் தேடினார். "அப்போ இந்த இருவத்தாறு" என்றார். "இதை யார் பேர்ல எழுதறது?"

முதலாளி அந்த நோட்டை வாங்கி மூடினார்.

"நேத்தே சொல்லக்கூடாதாலே?" என்றார் முதலாளி. குரலில் கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "நா ராத்திரியே ஆளனுப்பிச் சரின்னு சொல்லிட்டேனே. சுந்தரபாண்டிய இங்கனயே வச்சுக்கிட்டு, அந்தப் பயலையும் எடுக்கணும்னா அவங்க ஒத்துக்கிடணும். ஒத்துக்கிட மாட்டாங்க." நெற்றியைத் தேய்த்தார். "சரி, பேசிப் பாப்போம். நீ மொதல்ல திருநெல்வேலி போயி ஒரு கண் டாக்டரைப் பாரு. டீமு கதைய அப்புறம் பாத்துக்கிடலாம்."

அவர் இன்னும் ஏதோ சொல்லவந்தார். வெளியே ஜீப் வந்து நின்றது.

பின்பக்கத்திலிருந்து ஒருத்தன் தகரப்பெட்டியோடு இறங்கினான். பேச்சு முடியட்டும் என்றுகூடப் பொறுக்காமல் பெட்டி படுக்கையோடே வந்துவிட்டான். ஷெட்டின் தாழ்ந்த கூரைக்குக் குனிந்துதான் உள்ளே வர வேண்டியிருந்தது. தலைமுடியில் சாரல் முத்து முத்தாக நின்றது. முதலாளியைக் கும்பிட்டான். பிறகு சுற்றிப் பார்த்து, நேரே ஆதமிடம் வந்தான்.

"ஆதம் அண்ணன்தானே? நா மாடன். எங்க ஊர்ல நீங்க ஆடுனதைப் பாத்திருக்கேன். அஞ்சாறு வருசத்துக்கு முந்தி, ஸ்கூல்ல படிக்கையில." அவனுக்கு மூச்சு வாங்கியது. "ஊர்ல அம்மா விடமாட்டேன்னுட்டா. நீங்க தூக்கிக் குடுக்க ஒரு வருசமாவது அடிக்கணும்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்."

ஆதம் அண்ணாந்து பார்த்தான். அவன் பார்வையின் வட்டத்துக்குள் அந்த முகம் மட்டும் இருந்தது. மீசை சரியாக அரும்பாத, ஈரமான, சிரிக்கிற முகம். பதில் சொல்ல வாயைத் திறந்தான். அப்போது அந்தச் சிரிப்பு கொஞ்சம் தயங்குவதைக் கண்டான். கண்ணைத் திருப்பினபோது, முதலாளி கீழே எதையோ பார்த்துக்கொண்டிருப்பதையும், அனந்தநாராயணன் அதையே பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொள்வதையும் கண்டான். மாடன் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான் என்று அப்போதுதான் புரிந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறானோ. ஆதம் அந்த முகத்துக்கே திரும்பி, அதிலிருந்து கண்ணை எடுக்காமல், தன் வலது கையை முன்னே கொண்டுபோய், காற்றில் மெல்ல அந்தக் கையைத் தேடினான்.